பழைய பதிவுகளை ஃபயருக்கு மாற்றப்போய்…

யாழ்ப்பாணத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் பழைய நோயாளர் பதிவுகளை ஃபயர் (FHIR, மருத்துவத் தரவைப் பரிமாறுவதற்கான பொதுத் தரநிலை) வடிவத்துக்கு மாற்றும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. எதில் எழுதுவது என்று பார்க்க எக்ஸ்எஸ்எல்டி, லிக்விட், ஜேசனாட்டா, ஃபயரின் சொந்த மேப்பிங் மொழி என்று தரவை வடிவம் மாற்றும் மொழிகள் நான்கையும் ஒரே பதிவுகளில் ஓடவிட்டோம். நான்குமே ஓடின. அதுதான் பிரச்சினை.

மூலத்தில் பிறந்த திகதி இல்லையென்றால் எக்ஸ்எஸ்எல்டி வெறுமையாக எழுதும். லிக்விட் வெற்று மேற்கோள்குறி போடும். ஜேசனாட்டா அந்தப் புலத்தையே விட்டுவிடும். ஃபயர் மொழியில் அந்த விதி ஓடவே ஓடாது. ஒன்றும் வாய் திறக்காது. லிக்விட்டின் வெற்று மேற்கோளையாவது வலிடேற்றர் (ஃபயர் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) பிடிக்கும். ஜேசனாட்டா விட்டதைப் பிடிக்காது, ஏனென்றால் ஃபயரில் பிறந்த திகதி கட்டாயமில்லை.

அடுத்தது ஆணா பெண்ணா என்ற பால் விபரம். பழைய பதிவில் அந்தப் புலத்தில் 1, 2, 9 என்று கிடந்தது. எது என்ன என்று கேட்கப் பதிவறைக்குப் போனால், "தம்பி, அந்த புறோகிராம் எழுதின பெடியன் இப்ப கனடாவிலை. நாளைக்கு ஐயா வருவார், வந்து பாருங்கோ" என்றார்கள். மறுநாள் ஐயா கொழும்பில்.

கைகொடுத்தது இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள். பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையில் ஐந்தாவதிலிருந்து பாருங்கள். 500ஐத் தாண்டியவர்கள் எல்லாம் எங்கள் பதிவில் 1! பால் குறியீட்டுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 5218 படி 1 என்றால் ஆண். அதை நம்பிப் போட்டிருந்தால் மகப்பேற்று விடுதி முழுக்க ஆண்கள்தான். 9 அட்டை எடுக்காத சிறுவர்கள். 'தெரியாது' என்று போட்டோம். பிறந்த திகதியையும் இப்படிச் சரிபார்க்கலாம், ஆனால் அட்டைக் கணக்கில் எல்லா வருஷமும் பெப்ரவரிக்கு 29 நாள். லீப் அல்லாத வருஷங்களில் மார்ச்சிலிருந்து ஒரு நாள் தள்ளும்.

கடைசியில் ஃபயர் மொழியையே எடுத்தோம். மூலத்துக்கான லொஜிக்கல் மொடலை (பழைய பதிவில் என்னென்ன புலங்கள் என்ற வரையறையை) நாங்களே எழுதவேண்டியிருந்தது, வேலையில் பாதியை அது தின்றது. ஆனால் ஃபயர் மொழியில் 'செக்' (check) இருக்கிறது. 'வேர்' (where) போட்டால் பொருந்தாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். 'செக்' போட்டால் பிழை காட்டி நின்றுவிடும். ஒன்று மட்டும் கவனம்: செக்கை அந்தப் புலத்திலேயே போட்டால், புலம் இல்லாதபோது அதுவும் ஓடாது. மேலே நோயாளர் மட்டத்தில் வைத்து 'எக்சிஸ்ட்ஸ்' (exists, புலம் இருக்கிறதா) என்று கேளுங்கள்.