கிண்ணியாத் தேத்தண்ணிக் கடையில் உருது

திருகோணமலை உப்புவெளியில் நான் தங்கிய விடுதியில், பக்கத்து அறைக்குக் கராச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. இளையவர்கள் ஆங்கிலம் கதைத்தார்கள். பாட்டியம்மாவுக்கு உருது மட்டும்தான். வாசலில் கண்டால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், அதோடு சரி. பெயரைக்கூடக் கேட்க முடியாமல் ஒருவரைக் கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

"கிண்ணியாவுக்குப் போங்கோ. சவூதியில வேலை செய்திட்டு வந்த ஆக்கள் அங்க நிறைய" என்றார் விடுதிக்காரர். பஸ் ஏறினேன். 2009இல் 396 மீட்டர் நீளப் பாலம் திறக்கும்வரை இந்த நீர்ப்பரப்பைப் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில்தான் கடக்கவேண்டியிருந்தது. பாலத்தைக் கட்டியதும் சவூதி நிதியுதவியில்தான்.

கடைக்கார நானா ரியாத்தில் லாகூர்க்காரரோடு கட்டட வேலை செய்தவர். விஷயத்தைச் சொன்னதும் பிளேன்டீயை வைத்துவிட்டு எதிரே இருந்துகொண்டார்.

"முதல்ல சலாம் சொல்லுங்க தங்கச்சி. பொறகு, 'மேரா நாம்' எண்டு உங்கட பேரச் சொல்லி, 'ஹை' எண்டு முடிங்க."

எதிராளியின் பெயர் கேட்க, "ஆப் கா நாம் க்யா ஹை?" எந்த ஊர் என்று கேட்க, "ஆப் கஹான் ஸே ஹேன்?" வினைச்சொல் நம்முடையதைப் போலவே கடைசியில் வருவதால் வசனம் சட்டென்று வாயில் நின்றது. மரியாதையும் அப்படித்தான். தூ, தும், ஆப் என்று மூன்று படி. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று வளர்ந்த எனக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை. புதியவர்களிடம் எப்போதும் 'ஆப்'தான் என்று நானா அழுத்திச் சொன்னார்.

"மைன் யாழ்ப்பாணம் மேன் ரஹ்தா ஹூன்" என்று அவர் அடுத்ததைத் தொடங்க, உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல்.

"அது ஆம்புள சொல்றது! பொம்புள 'ரஹ்தீ ஹூன்' எண்டுதான் சொல்லணும்."

ராத்தா குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். கூட வேலை செய்த ஹைதராபாத் பெண்ணிடம் பழகிய உருது அவருடையது. தமிழில் 'இருக்கிறேன்' என்பதில் ஆண் பெண் வித்தியாசம் இல்லை. அங்கே நாக்கு நுனியில் அதை வைத்திருக்கவேண்டும். 'மேரா நாம்' மட்டும் யார் சொன்னாலும் மாறாது. கை துடைத்துக்கொண்டு வந்த ராத்தா, 'ஆப் ஸே மில் கர் குஷி ஹுயீ' என்பதையும் சொல்லித் தந்தார். சந்தித்ததில் மகிழ்ச்சி என்று பொருள். அந்தக் 'கு' தொண்டையை உரசிக்கொண்டு வரவேண்டுமாம். வரும்வரை விடவில்லை.

கொப்பி, புத்தகம் எதுவும் இல்லாமல் பாலைவன வெயிலிலும் அடுத்தவர் குசினியிலும் இவர்கள் தேடிக்கொண்ட மொழி இது. பாஸ்போட்டில் பதியாத இந்தப் படிப்பை ஊரில் யாரும் படிப்பாக மதிப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

மறுநாள் காலை பாட்டியம்மாவுக்குச் சலாம் சொல்லி, பெயரும் ஊரும் சொன்னேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பேட்டா, தும் க்யா கர்தீ ஹோ?" என்ன வேலை என்று கேட்கிறார். வயதில் மூத்தவர், வாஞ்சையோடு 'தும்' என்றார். "மைன் டீச்சர் ஹூன்" என்றேன்.

பின்னேரம் தயிர்முட்டி வாங்கவென்று அந்தக் குடும்பத்தைக் கிண்ணியாவுக்கே கூட்டிப்போனேன். நானா லாகூரைப் பற்றிக் கேட்க, பாட்டியம்மா கராச்சிதான் பெரிது என்று வாதாட, ராத்தா அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.