பத்தா, பதினொன்றா?

அக்காவிடமிருந்து போன். அவளுடைய லேப்டாப்பில் ஏதோ மென்பொருளைப் போடப் போனால், 'விண்டோஸ் 22எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்' என்று நின்றுவிடுகிறதாம். "என்கிட்ட என்ன பதிப்பு இருக்குன்னு எங்கடா பார்க்கிறது?"

எனக்குக் கைவந்த வழியைச் சொன்னேன். கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து வி, இ, ஆர் என்று மூன்று எழுத்தைத் தட்டி என்டர். அவள் படித்தாள்: "பத்து, புள்ளி, பூஜ்யம், புள்ளி, இருபத்திரண்டாயிரம்..." நான் முழுதாகக் கேட்கவே இல்லை. "விண்டோஸ் 10தான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

"ஏன்டா, வாங்கும்போதே பதினொன்றுன்னுதானே சொன்னாங்க?"

சொன்னது சரிதான். விண்டோஸ் 11-உம் உள்ளுக்குள் தன்னை 10.0 என்றுதான் அழைத்துக்கொள்கிறது. பார்க்க வேண்டியது அடுத்து வரும் பில்ட் எண்ணை, அதாவது அந்தப் பதிப்பின் உள் அடையாள எண்ணை. வீட்டுக் கணினியில் அது 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11. இது தெரிந்தும் 'பத்து' என்று காதில் விழுந்ததும் கோட்டை விட்டேன்.

சரி, இன்னொரு வழி. விண்டோஸ் கீயோடு ஆர்-ஐ அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் 'வின்வெர்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச் சொன்னேன். விண்டோஸ் 11, பதிப்பு 21எச்2, பில்ட் 22000. அதாவது 2021-இன் இரண்டாம் பாதியில் வந்தது. கேட்பதோ 22எச்2. விஷயம் அவ்வளவுதான்.

இந்தப் பெயரை மட்டும் நம்பினாலும் வம்புதான். விண்டோஸ் 10-க்கும் ஒரு 21எச்2 உண்டு. அதன் பில்ட் 19044. 22எச்2-உம் அப்படித்தான்: பத்தில் 19045, பதினொன்றில் 22621. பில்ட் எண்ணுக்குப் பின் புள்ளி வைத்து வருவது மாதாமாதம் வரும் அப்டேட்டுகளால் மாறுவது. அக்கா அதையும் விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டுக்குப் போய்ப் புதிய பதிப்பை இறக்கினாள். இடையில் ரீஸ்டார்ட் ஆனபோது இரண்டு முறை போன் வந்தது. அப்புறம் இரவு ஒரு மெசேஜ்: 24எச்2, பில்ட் 26100, கூடவே நான் கேட்காத நாலைந்து வரிகள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுக்குள்ள அபவுட். பக்கத்துலயே காப்பி பட்டன் இருக்கேடா. இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"