கவுண்டியின் கட்டடம், மாநிலத்தின் கல்லூரி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஒரு காலத்தில் 13 இரண்டாண்டுக் கல்லூரி வளாகங்கள் இருந்தன. பெரும்பாலும் சிறிய ஊர்கள். ஊரைத் தாண்டினால் சோளக்காடும் பால் பண்ணையும்தான். அப்படி ஒரு வளாகத்தில் நான் கணிதம் நடத்தினேன். இப்போது அங்கே வகுப்பு எதுவும் நடப்பதில்லை. மாணவர் சேர்க்கை குறைந்துவிட்டது, அதனால் மூடினோம் என்றார்கள். சேர்க்கை குறைந்தது உண்மை. அது எப்படிக் குறைந்தது என்பதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இந்த வளாகங்களின் ஏற்பாடே தனி. நிலமும் கட்டடமும் அந்தந்த கவுண்டிக்கோ (நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) நகராட்சிக்கோ சொந்தம். ஆசிரியர், பாடத்திட்டம், பட்டம் எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. கூரை ஒழுகினால் கவுண்டி வரிப்பணத்தில் சரிசெய்வார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்கு மாடிசன், மில்வாக்கி போன்ற நகரங்களின் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகலாம். பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லை வரைக்கும் விரிய வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாநிலம் பெருமையோடு சொல்லிவந்த கொள்கை இந்த ஊர்களில்தான் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

என் காலை எட்டு மணி வகுப்பில் விடியற்காலைப் பால் கறவையை முடித்துவிட்டு ரப்பர் பூட்ஸோடு வரும் பையன் இருப்பான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேராக வரும் தாய் இருப்பார். பெரிய பல்கலைக்கழகத்தில் 300 பேருக்கு நடத்தும் அதே கால்குலஸை இங்கே இருபது பேருக்கு நடத்தினோம். யாருக்கு எங்கே சிக்குகிறது என்று முகத்தைப் பார்த்தே தெரியும். என் பணி வாழ்க்கையில் நான் நன்றாகப் பாடம் நடத்தியது அங்கேதான்.

2015-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் காலத்து பட்ஜெட்டில், இரண்டாண்டுக் கணக்கில் பல்கலைக்கழக அமைப்புக்கு 25 கோடி டாலர் வெட்டு விழுந்தது. மாநிலத்தைச் சேர்ந்த மாணவர்களின் கட்டணத்தை உயர்த்தவும் 2013 முதலே தடை இருந்தது. பணம் இரண்டு பக்கமும் அடைபட்டதால், 13 வளாகங்களையும் நான்கு வட்டாரங்களாகத் தொகுத்தார்கள். வளாகத்துக்கு ஒரு டீன் என்பது போய் வட்டாரத்துக்கு ஒருவர் ஆனார். அலுவலக வேலைகளில் பலவும் ஒரே இடத்துக்குப் போயின.

எங்கள் நிதி உதவி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண்மணி இருந்தார். மத்திய அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் பெற்றோரின் வருமானக் கணக்கு வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது சுலபம். பால் பண்ணைக் குடும்பத்துக்கு அப்படியில்லை. டிராக்டர் கடன், மாட்டுக் கணக்கு, ஒரு ஆண்டு லாபம், மறு ஆண்டு நஷ்டம். பெற்றோர் கல்லூரிப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்மணி ஷூ பெட்டியில் ரசீதுகளோடு வரும் தகப்பனாரை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வைப்பார். அந்தப் பதவி போனபின் ஜன்னலில் ஒரு தொலைபேசி எண்ணை ஒட்டினார்கள். கூப்பிட்டால் காத்திருக்க வேண்டும்; எடுப்பவருக்கு நம் ஊர் தெரியாது. அந்த இலையுதிர்காலத்தில் பெயர் பதிந்திருந்த பிள்ளைகளில் சிலர் வகுப்புக்கே வரவில்லை. விசாரித்தால், பணம் வருமா என்று தெரியவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம் என்றார்கள். புள்ளிவிவரத்தில் இவர்களெல்லாம் 'சேர்க்கைச் சரிவு' ஆனார்கள்.

அடுத்தது 2017. அமைப்பின் தலைவர் ரே கிராஸ் அக்டோபரில் திட்டத்தை அறிவித்தார்: இரண்டாண்டு வளாகங்களை அருகிலுள்ள நான்காண்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைப்பது. நவம்பரில், அமைப்பை ஆளும் ரீஜென்ட்ஸ் வாரியம் ஒப்புதல் தந்தது. 2018 ஜூலை 1 முதல் நாங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தின் கிளை. இத்தனை பெரிய மாற்றத்துக்கு யோசிக்கக் கிடைத்த அவகாசம் ஒரு மாதம்தான். எங்களை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகமே மாணவர் போதாமல் தவித்துக்கொண்டிருந்தது. உயர்நிலைப்பள்ளிகளுக்கு ஆள் சேர்க்கப் போகிறவர் முதலில் தலைமை வளாகத்தைத்தானே சொல்வார்? அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்த இலக்கு அது.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையே குறைந்துகொண்டிருந்தது. வேலை எளிதாகக் கிடைத்தது. தொழிற்கல்வி தரும் டெக்னிக்கல் கல்லூரிகளும் அதே முதல் இரண்டாண்டுப் பாடங்களைத் தரத் தொடங்கின. கோவிட் வேறு. ரிச்லண்ட் சென்டரில் 2014-ல் 567 மாணவர் இருந்த வளாகத்தில் 2022-ல் 60 பேர்தான். அந்த எண்ணோடு ஒரு கல்லூரி நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எட்டு ஆண்டில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியதற்குப் பிறப்பு விகிதத்தை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2023 கோடையோடு அங்கே நேரடி வகுப்பு நின்றது. 2024-ல் வெஸ்ட் பெண்டும் ஃபாண்ட் டு லாக்கும், 2025-ல் வாக்கிஷாவும் ஃபாக்ஸ் சிட்டீஸும் அதே வழியில் போயின. வெஸ்ட் பெண்டையும் வாக்கிஷாவையும் கிளையாக வைத்திருந்த மில்வாக்கி பல்கலைக்கழகத்தில், நிரந்தரப் பணி உறுதி பெற்ற ஆசிரியர்கள் 30 பேருக்கு மேல் பணிநீக்கத்துக்கு 2024 ஆகஸ்டில் வாரியம் வழிவிட்டது.

எங்கள் கடைசி ஆண்டில் பொருள் கணக்கு எடுத்தார்கள். கட்டடத்தோடு ஒட்டியதெல்லாம் கவுண்டிக்கு, நகர்த்தக்கூடியது பல்கலைக்கழகத்துக்கு. நாற்காலி, நுண்ணோக்கி, கரும்பலகை எல்லாவற்றிலும் பார்கோடு. ஒரு தொலைநோக்கியில் மட்டும் பார்கோடு எதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வாங்கிக்கொடுத்தது அது. யாருக்கு எழுதுவது என்று கணக்கெடுக்க வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். ஊருக்கு என்றேன். பட்டியலில் அப்படி ஒரு பத்தி இல்லை. கடைசியில் உள்ளூர் உயர்நிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குக் கையெழுத்துப் போட்டது எனக்கு இன்றும் திருப்தி.

மாணவர்களைக் கைவிடமாட்டோம், அவர்கள் தலைமை வளாகத்தில் தொடரலாம் என்று கடிதம் வந்தது. வரைபடத்தில் 40 மைல். ஜனவரிப் பனியில், பழைய காரில், மூன்று மணிக்குப் பள்ளி விடும் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த 40 மைலைக் கடக்கவேண்டியவர் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த அந்தத் தாய். செவிலியர் ஆவது அவர் திட்டம். வளாகம் மூடப்போகிறது என்றதும் உயிரியல் ஆசிரியர் வேறு வேலை தேடிப் போய்விட்டார், அதனால் உடற்கூறியல் இரண்டாம் பகுதியை நடத்த ஆளில்லாமல் போயிற்று. முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் டெக்னிக்கல் கல்லூரி ஆலோசகரைப் போய்ப் பார்த்தோம். கணிதத்தையும் வேதியியலையும் ஏற்றுக்கொண்டார்கள். செவிலியர் படிப்புக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறது என்றார்கள். அவர் பெயரைக் கொடுத்துவிட்டு, இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.