ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்: கோலாலம்பூரில் அரண்மனை தேடி மிதித்த கதை

மிதிவண்டி வாடகைக்காரரிடம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்த நாற்பது வெள்ளியின் (ரிங்கிட்) எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் நேற்றைய காலையைப் போல் ஒரு காலை எங்கள் வீட்டுக்கு வாய்த்து நெடுநாளாகிறது என்பதும் உண்மை. ஆகவே முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூரின் நடுப்பகுதியில் ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை சில சாலைகளை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். மெர்டேக்கா சதுக்கத்தில் தொடங்கி அங்கேயே முடியும் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் சுற்று அது. மற்ற நாட்களில் கார்கள் அங்குலம் அங்குலமாக நகரும் சுல்தான் இஸ்மாயில் சாலையில், ஏழு வயது மகள் நடுக்கோட்டின் மேலேயே மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தபோது எனக்கே சற்று நேரம் நம்ப முடியவில்லை.

நாங்கள் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தோம். நகரத்துக்குள் வண்டியை நிறுத்தக் கொடுக்கும் காசுக்கு நான்கு பேர் பசியாறிவிடலாம் என்பது என் கணக்கு. பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் மகள் அண்ணாந்து பார்த்து, "அம்மா, இது எந்த ராஜா வீடு?" என்று கேட்டாள். கிள்ளானில் வளரும் பிள்ளைகளுக்கு அரண்மனை என்றால் இஸ்தானா ஆலம் ஷாதான். அதைவிடக் கூடுதலான கோபுரங்களும் வளைவுகளுமாக ஒரு கட்டடம் கண்ணில் பட்டால் அவள் வேறு எப்படிக் கேட்பாள்? 1910-இல் திறக்கப்பட்ட இந்த நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். பெரிய ரயில்கள் 2001-இல் கே.எல். சென்ட்ரலுக்கு இடம் பெயர்ந்த பிறகு இங்கே கூட்டம் குறைந்துவிட்டது. என் கணவரின் தாத்தா தண்டவாள வேலை செய்தவர் என்பதால், "இது உங்கள் கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த கம்பெனியின் வீடு" என்று அவர் மிகுந்த பெருமையுடன் விளக்கம் கொடுத்தார்.

வாடகை, வண்டி ஒன்றுக்கு மணிக்குப் பத்து வெள்ளி. தலைக்கவசத்துக்குத் தனிக் காசு. நான்கு வண்டிகளில் என்னுடையதுதான் மோசம்: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கை தானாகவே இறங்கிவிடும், நான் முழங்கால் முகவாயில் இடிக்க மிதித்துக்கொண்டிருப்பேன். காற்று, பிரேக், இருக்கைத் திருகு ஆகியவற்றைப் பார்த்த பிறகே காசை நீட்டுங்கள்.

நகரச் சுற்றை முடித்துச் சதுக்கத்துக்குத் திரும்பியபோது மணி எட்டு. செம்புக் குவிமாடங்களும் மணிக்கூண்டுமாக நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் முன் நின்று, "இதாவது அரண்மனையா?" என்றான் மூத்தவன். இதுவும் இல்லை. 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடம் பிரிட்டிஷ் நிர்வாகத்தின் அலுவலகம். பெயருக்குரிய சுல்தான் வாழ்ந்ததோ எங்கள் கிள்ளானுக்குத் தெற்கே, ஜுக்ராவில். எதிரே உள்ள திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் யூனியன் ஜாக் இறக்கப்பட்டு நம் கொடி ஏறியது என்று சொன்னதும், பையன் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டுப் புல்லில் சிறிது நேரம் நின்றான்.

அதன் பிறகு ஏரிக்குப் போகலாம் என்று சொன்னவள் நான்தான். பின்னால் வந்த நட்டத்திற்கும் நானே பொறுப்பு. தேசியப் பள்ளிவாசலைத் தாண்டிப் பூங்காவை நோக்கி ஏறும் சாலை, மூடப்பட்ட சுற்றில் சேராது. வாகனங்கள் குறைவு என்றாலும் ஏற்றம் சிறு பிள்ளைகளுக்குக் கடுமைதான். பாதி மேட்டில் மகளின் வண்டிச் சங்கிலி கழன்றது. கணவர் குந்தி உட்கார்ந்து, பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கிய சங்கிலியை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றி மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்துவிட்டன.

ஆனால் அந்த ஏரி! ஆல்பிரட் வென்னிங் என்பவரின் முயற்சியில் 1888-இல் தொடங்கிய பூங்கா இது. பெர்டானா தாவரவியல் பூங்கா என்பது இப்போதைய பெயர். கரையில் நடப்பவர்கள் அதிகம் என்பதால் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். மழைமரங்களின் நிழல் தண்ணீரில் அசைய, பிள்ளைகள் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்கள்; எங்கள் வீட்டில் இது அபூர்வம். மேட்டில் இருக்கும் கார்கோசா மாளிகை பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்காகக் கட்டப்பட்டது; பிரிட்டிஷ் அரசுக்கு அன்பளிப்பாகப் போய், விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் தூதரின் இல்லமாக இருந்து, 1987-இல் திரும்பி வந்தது. பக்கத்திலேயே இருந்தும் அங்கே ஏறிப் பார்க்க நேரமில்லாமல் போனதுதான் வருத்தம்.

இறங்கி வரும்போது ஒன்பது ஆகிவிட்டது. தடுப்புகளை எடுத்த மறு நிமிடமே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் எங்களை ஓரத்துக்குத் தள்ளின. மகளை நடைபாதையில் ஏற்றிவிட்டு நான் அவள் பக்கத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். வண்டிகளை ஒப்படைத்தபோது மணி 9:12. பன்னிரண்டு நிமிடத் தாமதத்துக்கு நான்கு வண்டிகளுக்கும் முழு மூன்றாவது மணி வாடகை கேட்டார் வாடகைக்காரர். "அண்ணே, உங்கள் சங்கிலி கழன்றதால்தானே தாமதம்?" என்று கேட்டேன், "மேட்டில் ஓட்டச் சொன்னது யார்?" என்றார். மேட்டில் ஏறினால் கழன்றுவிடும் வண்டியைப் பிள்ளைக்குக் கொடுப்பது தவறு என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு அந்தக் கோபத்தைப் பாதி கரைத்தது. முருங்கைக்காய் சாம்பார், பாகற்காய் வறுவல், கேட்காமலே மறுபடியும் வந்து விழுந்த அப்பளம் என்று நால்வரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டோம். மிதிவண்டிப் பயணத்தில் ஆன செலவில் மனம் உறுத்தாத செலவு இது ஒன்றுதான்.

உண்மையான அரண்மனையைக் காட்டாமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்பதால், கிரேப் வாடகைக் கார் பிடித்து பழைய இஸ்தானா நெகாராவின் வாசல் வரை போனோம். சான் விங் என்ற சீனச் செல்வந்தர் 1928-இல் தம் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. ஜப்பானியர் காலத்தில் படை அதிகாரிகளின் விடுதியாகவும், பிறகு சிலாங்கூர் சுல்தானின் அரண்மனையாகவும் இருந்து, 1957 முதல் 2011 வரை மாமன்னரின் இல்லமாக விளங்கியது. நாங்கள் பார்த்தவற்றில் ராஜா வாழ்ந்த இடம் இது ஒன்றுதான், ஆனால் சுற்றிலும் நெடுஞ்சாலைகள் என்பதால் பிள்ளைகளுடன் மிதிவண்டியில் இங்கே வர நினைக்கவே வேண்டாம். வளைவு வாசலைக் கம்பிகளுக்கு வெளியிலிருந்து பார்த்த மகள், ரயில் நிலையம்தான் அழகு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். கணவர் கைப்பேசியில் இப்போதே 8:40-க்கு அலாரம் வைத்துவிட்டார்.