ஒரு பியர், மூன்று முகவரி: வயர்கார்டில் செய்து பார்த்தது

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் வயர்கார்டு (கணினிகளுக்கிடையே மறையாக்கிய தனிவழி போடும் விபிஎன் மென்பொருள்) ஓடுகிறது. படங்கள், பேக்கப் எல்லாம் அதில்தான். இரண்டாவது இணைய லைன் போட்டதும், லேப்டாப் அந்த ராஸ்பெர்ரி பையை மூன்று வழியில் எட்டவேண்டும் என்று ஆசை வந்தது. வீட்டுக்குள் 192.168.1.10. வெளியே போனால் பழைய லைனின் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (மாறிக்கொண்டே இருக்கும் முகவரியைப் பின்தொடரும் பெயர்). அது படுத்தால் புது லைனின் ஐபிவி6 முகவரி (ஐபிவி4-க்கு அடுத்து வந்த நீளமான முகவரி வகை). பழையதில் ஐபிவி6 இல்லை, புதியதில் பொது ஐபிவி4 இல்லை.

முதலில் லேப்டாப்பின் அமைப்புக் கோப்பில், ஒரே பப்ளிக் கீயைப் போட்டு மூன்று பியர் (எதிர்முனைக் கணினி) பகுதிகள் எழுதினேன். பிழை ஏதும் வரவில்லை. நிலையைக் காட்டும் 'டபிள்யூஜி ஷோ' கொடுத்தால் ஒரே பியர், கடைசியாக எழுதிய எண்ட்பாயிண்ட் (பியரை எட்டும் முகவரியும் போர்ட் எண்ணும்) மட்டும். வயர்கார்டுக்கு கீதான் பியர். ஒரு பியருக்கு ஒரு எண்ட்பாயிண்ட்தான். பெயரைக் கொடுத்தாலும் தொடக்கத்தில் ஒருமுறை முகவரி தேடுவதோடு சரி. இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே மூன்று முகவரிகளின் பட்டியலை வெளியே ஒரு கோப்பில் வைத்து, 30 நொடிக்கு ஒருமுறை ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க அனுப்பும் சின்னச் செய்தி) 25 நொடிக்கு ஒருமுறை என்பதால் டனலில், அதாவது வயர்கார்டு வழியில், எப்போதும் ஏதாவது போய்க்கொண்டிருக்கும். அப்போது ஹேண்ட்ஷேக் (இரு முனையும் கீயைச் சரிபார்த்துக் கைகுலுக்குவது) 2 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். கடைசி ஹேண்ட்ஷேக் 135 நொடியைத் தாண்டினால் அந்த வழி செத்தது என்று கொண்டு, 'டபிள்யூஜி செட்' மூலம் அடுத்த முகவரிக்கு மாற்றி ஒரு பிங் அனுப்புகிறேன். 135 என்பது வயர்கார்டு கருவிகளோடு வரும் டிஎன்எஸ் ஸ்கிரிப்ட்டில் இருக்கும் கணக்கு.

ஒரு மாலை முழுக்க ஐபிவி6 மட்டும் வேலை செய்யவில்லை. முகவரியையும் போர்ட்டையும் முதல் முக்காற்புள்ளியில் பிரித்திருந்தேன். ஐபிவி6 முகவரிக்குள்ளேயே அது நிறைய உண்டு. பிரிப்பதை விட்டு, சதுர அடைப்புக்குள் முகவரி, வெளியே 51820 என்று முழு வரியாக எழுதி வைத்ததும் சரியானது.

வீடு திரும்பும்போது வேறு தொல்லை. உள்ளிருந்தபடி நம் வெளி முகவரிக்கே போய்த் திரும்ப என் ரவுட்டர் விடாது. 135 நொடி காத்திருக்கவேண்டும். நெட்வொர்க்மேனேஜர் டிஸ்பேட்சரில் (நெட்வொர்க் மாறும்போது ஸ்கிரிப்ட் ஓட்டும் லினக்ஸ் வசதி) ஒரு கோப்பு வைத்தேன். வீட்டு வைஃபை ஏறியதும் உள் முகவரிக்கு மாறிவிடுகிறது. கோப்பு ரூட்டுக்கு (நிர்வாகிப் பயனருக்கு) சொந்தமாக இல்லாவிட்டால் டிஸ்பேட்சர் ஓட்டாது.

அக்கா வீட்டிலும் 192.168.1 வரிசைதான். அங்கே 192.168.1.10-இல் வேறு கருவி இருந்தாலும் கீ பொருந்தாது, ஹேண்ட்ஷேக் நடக்காது. ஸ்கிரிப்ட் அடுத்த முகவரிக்குப் போய்விடும்.

நேற்று அக்கா வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் ஆர்சிங்க் (இங்கே எஸ்எஸ்எச் இணைப்பு வழியே கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஓடவிட்டு, பழைய லைனின் ஃபைபரைத் தம்பியைக் கழற்றச் சொன்னேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம் எண் நகரவில்லை. அப்புறம் அதே எஸ்எஸ்எச் இணைப்பில், விட்ட இடத்திலிருந்தே ஓடியது. வயர்கார்டை நிறுத்தித் தொடங்காமல் எண்ட்பாயிண்ட்டை மட்டும் மாற்றியதன் பலன் இது.

ஃபைபரைத் திரும்பச் செருகிய பிறகும் லேப்டாப் ஐபிவி6-லேயே இருந்தது. ஓடுகிற டனலைக் கலைக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.