தாளிப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: பிள்ளைகளுக்கு ஒரு சமையல் புத்தகம் தேடிய கதை

மூத்தவள் எலுமிச்சை சாதத்துக்குத் தாளித்து முடித்துவிட்டாள். கடுகு கருகவில்லை, வேர்க்கடலையில் பச்சை வாசம் இல்லை, கறிவேப்பிலை போட்டபோது எண்ணெய் கையில் தெறிக்கவில்லை. 11 வயதுப் பெண். நான் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததை வரிவரியாகப் படித்துச் செய்தாள். அக்கா ஓசூரிலிருந்து பிள்ளைகளைக் கோடை விடுமுறைக்குத் தருமபுரிக்கு அனுப்பும்போதெல்லாம் எனக்கு ஒரே ஆசைதான். ஆள் நின்று சொல்லித்தராமல், எழுதியிருப்பதைப் படித்தே இவர்கள் சமைக்க வேண்டும். அதற்குத் தோதான புத்தகம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது என்று தைரியமாகச் சொல்கிறேன்.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், விரித்தால் தானாக மூடிக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் பிள்ளைகளோடு சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தருமபுரி புத்தகத் திருவிழாவில் கடை கடையாக நின்றபோதும், மாவட்ட மைய நூலகத்தில் சமையல் வரிசையைக் கிளறியபோதும் நான் முதலில் திறந்தது தாளிப்பு வருகிற பக்கத்தைத்தான். அது தேறினால்தான் அடுத்த பக்கம்.

பெரும்பாலான புத்தகங்களில் தாளிப்பு ஒரே வரி. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துச் சாதத்தில் கொட்டிக் கிளறவும். முடிந்தது. நாற்பது வருடம் சமைத்த கைக்கு அது போதும். முதல்முறை அடுப்பைப் பற்றவைக்கும் பிள்ளைக்கு அந்த வரியில் ஒன்றுமே இல்லை. எண்ணெய் காய்ந்துவிட்டது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவதா, ஒன்றன்பின் ஒன்றாகவா? தீ எவ்வளவு? எப்போது அணைப்பது? நம் சமையலில் பிள்ளைகள் சூடு பட்டுக்கொள்வதும், பயந்து அடுப்பை விட்டு ஓடுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போகிற புத்தகத்தைப் பிள்ளைகளுக்கானது என்று அட்டையில் போட்டு விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வாங்கியது பழைய புத்தகக் கடையில் கிடைத்த மெல்லிய புத்தகம். அட்டையும் முதல் சில தாள்களும் இல்லை. பெயர் தெரியாது, யார் எழுதியது என்பதும் தெரியாது. ஆனால் தாளிப்புக்கு முழுதாக இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கத்துக்காகவே வாங்கினேன்.

அதில் உள்ள வரிசையைச் சொல்கிறேன். முதலில் தாளிப்புக் கரண்டியைத் துணியால் துடைக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரம் கூடாது. கறிவேப்பிலையை முன்னதாகவே கழுவித் துணியில் பரப்பி உலர்த்திவிட வேண்டும். காய்ந்த எண்ணெய் தண்ணீரின் கொதிநிலையை எப்போதோ தாண்டியிருக்கும். அதில் விழுகிற ஈரம் நொடியில் ஆவியாகி விரிந்து எண்ணெயை மேலே தூக்கி அடிக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிகிறது. பயம் போய்க் கவனம் வருகிறது. அடுத்து வேர்க்கடலை. அது சிவக்க நேரமாகும், அதனால் சிறு தீயில் அதை மட்டும் முதலில் வறுத்துத் தட்டில் எடுத்து வைத்துவிடச் சொல்கிறது புத்தகம். கடுகையும் கடலையையும் ஒன்றாகப் போட்டால் கடலை வேகும்போது கடுகு கரியாகிவிடும். எத்தனை புத்தகங்களில் இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன! பொருட்கள் எந்த வரிசையில் எண்ணெயில் விழ வேண்டுமோ அந்த வரிசையிலேயே பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியவர் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு அதே எண்ணெயில் ஒரே ஒரு கடுகு. போட்டதும் மேலே வந்து வெடித்தால் எண்ணெய் தயார். அடியிலேயே கிடந்தால் பொறுக்க வேண்டும். புகை வந்தால் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதால்தான் அது வெடிக்கிறது. எண்ணெய் சூடு போதாவிட்டால் வெடிக்காமலே வறுபட்டுக் கசக்கும். சத்தம் அடங்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு, அது நிறம் மாறத் தொடங்கும்போது மிளகாய். இந்த இடத்தில் மூன்று கரண்டிகளை வண்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒன்றில் பருப்பு வெளுப்பாக, இரண்டாவதில் இளஞ்சிவப்பாக, மூன்றாவதில் கறுத்துப்போய். இரண்டாவது படத்துக்குச் சற்று முன்பே தீயை அணைக்கச் சொல்லிக் குறிப்பு. இரும்பில் இருக்கும் சூடு மீதி வேலையை முடித்துவிடும். மூத்தவள் கரண்டியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, சரியான நேரத்தில் அணைத்தாள். அப்புறம் பெருங்காயம், மஞ்சள். கடைசியில் வலது கையில் கறிவேப்பிலை, இடது கையில் மூடுகிற தட்டு. இலை விழுந்த மறுநொடி தட்டு மேலே உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சைச் சாற்றை அடுப்பு அணைந்து சற்று ஆறிய பிறகு விட வேண்டும், கொதிக்கவிட்டால் கசக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

கரண்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நம் வீடுகளில் இருக்கிற இரும்புத் தாளிப்புக் கரண்டி நீளக் காம்பும் உருண்டை அடியும் கொண்டது. கேஸ் அடுப்பில் வைத்தால் காம்பின் கனத்துக்கு அந்தப் பக்கமாகச் சாய்கிறது. பெரியவர்கள் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் போட்டுவிடுவோம். பிள்ளைகள் கடுகு வெடிக்கிற சத்தத்தில் பிடியை விட்டால் எண்ணெய் முழுதும் கவிழ்ந்துவிடும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை, என்னுடைய புத்தகமும் சேர்த்து. அது ஒன்றுதான் அதன்மேல் எனக்குள்ள குறை. ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் இரும்புச் சாமான் போடுகிற ஒருவரிடம் காம்பு குட்டையாக, அடி தட்டையாக ஒன்று கேட்டேன். கையில் இருந்த கரண்டியையே எடுத்து, அங்கேயே சுத்தியலால் அடியைத் தட்டித் தந்தார். பர்னர் மேல் வைக்கிற சிறு கம்பித் தாங்கியையும் அவரிடமே வாங்கினேன். இப்போது கையை எடுத்தாலும் கரண்டி அசையாமல் நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தர நினைப்பவர்கள் புத்தகம் வாங்குமுன் இதை வாங்கிவிடுங்கள்.

அடுத்த தலைவலி கப். சில புத்தகங்களில் கப் 240 மி.லி., சிலவற்றில் 250, ரைஸ் குக்கரோடு வருவது 180. அரிசியும் தண்ணீரும் ஒரே கப்பில் அளந்தால் எந்தக் கப்பானாலும் ஒன்றுதான். சிக்கல் வருவது கப்பும் தேக்கரண்டியும் கலந்து வரும்போது. ஒரு கப் ரவைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு என்று எழுதியிருந்தால், 180 மி.லி. கப்பில் அளந்த பிள்ளையின் உப்புமா கரிக்கும். புத்தகம் சொன்னபடி செய்தும் கெட்டுப்போனால் அந்தப் பிள்ளை மறுபடி அடுப்படிக்கு வருமா? என் புத்தகத்தில் முதலிலேயே கப் என்றால் 200 மி.லி. என்று போட்டு, வீட்டு டம்ளரைச் சோதிக்க வழியும் சொல்லியிருக்கிறார்கள். அரை லிட்டர் பால் பாக்கெட் இரண்டரை டம்ளர் வர வேண்டும். 8 வயதுச் சின்னவன் வீட்டில் உள்ள எல்லா டம்ளரையும் அடுக்கி வைத்துத் தண்ணீரால் அளந்து, சரியானதன் அடியில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிட்டான். இப்போது அந்த டம்ளரில் வேறு யாரும் காபி குடிக்க அவன் விடுவதில்லை.

காய்கறிக்கும் இதே கதைதான். தக்காளி மூன்று என்றால் எந்தத் தக்காளி? பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விளைகிற ஊர்க்காரர்கள் நாம். கையடக்கமான புளிப்பு நாட்டுத் தக்காளிக்கும் சதைப்பற்றுள்ள பெரிய ஹைப்ரிட்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். கிராமில் எழுதினால் குழப்பமே இல்லை. சின்னத் தராசு ஒன்று வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் விளையாட்டாகவே நிறுத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதிய, வழவழ தாளில் அச்சான சிறுவர் சமையல் நூல்களும் புரட்டினேன். கேக், பிஸ்கட், மறுபடியும் கேக். அவை பிள்ளைகளுக்கு எளிதாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. அளவு துல்லியம், ஓவனில் 180 டிகிரி வைத்துவிட்டால் பிறகு காத்திருப்பதுதான் வேலை. நம் அடுப்பில் எல்லாம் நொடிக்கணக்கில் முடிவாகிறது, அதற்கு அந்தப் பயிற்சி உதவாது. ஆனால் அவற்றில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பெரியவர் துணை வேண்டிய இடத்தில் சிறு குறி ஒன்று அச்சிடுகிறார்கள். அதைப் பார்த்து என் புத்தகத்திலும் சிவப்பு மையில் கைக்குறி போட்டுவிட்டேன்.

குக்கர் பக்கத்தில் மூன்று விசில் என்று மட்டும் எழுதி நிறுத்துகிற புத்தகத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள். தீயின் அளவுக்கும் உள்ளே இருக்கிற பொருளுக்கும் தகுந்தபடி விசில் மாறும். அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது என்ற வரி இல்லாத சமையல் புத்தகம் பிள்ளை கைக்கு ஆபத்து. சூடு பட்டால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். ஓடுகிற குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், அவ்வளவுதான். ஒரு புத்தகத்தில் மாவைத் தடவச் சொல்லியிருந்தது. பார்த்ததும் ஆத்திரமாக வந்தது.

வாங்கிய புத்தகம் தாள் தாளாகக் கழன்றதால் நகல் கடையில் கொடுத்து ஸ்பைரல் பைண்டிங் செய்து, தாளிப்புப் பக்கங்களை மட்டும் லேமினேட் செய்துகொண்டேன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் அவை தொங்குகின்றன. தயிர்சாதம், சுண்டல், பொரியல் எதுவானாலும் அதே பக்கம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரா மாங்காய் வரத் தொடங்கிவிட்டது, வெல்லம் போட்ட பச்சடி அடுத்தது என்று மூத்தவள் சொல்லியிருக்கிறாள். சாம்பார்ப் பக்கம் இன்னும் தொடவே இல்லை.

அதற்குள் எனக்கு வேறு வேலை சேர்ந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் நம் ஊர் ராகிக் களி பிள்ளைகள் படித்துச் செய்கிற மாதிரி இல்லை. கஞ்சி இருக்கிறது, தோசை இருக்கிறது, களி இல்லை. அதனால் அந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன். அம்மா கைக்கணக்கில்தான் செய்வார். அவர் அள்ளுகிற ஒவ்வொரு கையையும் தராசிலும் டம்ளரிலும் பிடித்து அளந்தேன். முதலில் எரிச்சல்பட்டவர் பிறகு அவரே டம்ளரை நீட்டினார். மாவு 1 டம்ளர், அரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் 3 டம்ளர். நொய் குழைந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, கிளறாமல், நடுவில் களி கிண்டுகிற துடுப்பின் காம்பால் குழி போட்டுச் சிறு தீயில் விட வேண்டும். குழி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மாவின் மேல் வழியத் தொடங்கிச் சிறிது நேரம் வெந்த பிறகுதான் கிண்ட வேண்டும், முந்தினால் கட்டி தட்டும். இதுவரை எழுதியாகிவிட்டது. வெந்த களிக்கும் வேகாத களிக்கும் படம் வரைவது பாக்கி. வீட்டில் இருக்கிற துடுப்பு பெரியவர் உயரத்துக்குச் செய்தது. பிள்ளைகள் கைக்கு அடங்குகிற மாதிரி ஒன்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்.