நியூ ஹேவன் தேர்வும் தகுதி என்ற சொல்லும்

பதவி உயர்வில் இனமா, தகுதியா என்ற விவாதம் எழும்போதெல்லாம் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறையே என் நினைவுக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டு அங்கே லெப்டினன்ட், கேப்டன் பதவிகளுக்காக 118 வீரர்கள் தேர்வெழுதினார்கள். அப்போதைய காலியிடங்களுக்கு உரிய மதிப்பெண்ணைக் கறுப்பினத்தவர் ஒருவர்கூட எட்டவில்லை என்று தெரிந்ததும், பாகுபாட்டு வழக்கு வருமென்று அஞ்சிய நகர நிர்வாகம் தேர்வு முடிவுகளையே கைவிட்டது. தேர்ச்சி பெற்றும் அதனால் பதவி உயர்வு வாய்ப்பை இழந்த வீரர்கள் தொடுத்த வழக்கில், 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அவர்களுள் ஒருவர் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உடையவர். பாடநூல்களை ஒலிப்பதிவு செய்ய வைத்து, கேட்டுக் கேட்டே படித்தவர். அந்த உழைப்பு வீணாக்கப்பட்டதை என் மனம் ஏற்கவில்லை.

ஆனால், மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் சுட்டிய உண்மைகளையும் என்னால் ஒதுக்கிவிட முடியாது. 1970களின் தொடக்கத்தில் அந்நகர மக்கள்தொகையில் 30 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவரும், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானியரும், 502 தீயணைப்பு வீரர்களில் 3.6 விழுக்காடு மட்டுமே இருந்தார்கள். எழுத்துத் தேர்வுக்கு 60, வாய்மொழித் தேர்வுக்கு 40 என்ற விகிதம், அப்பணிக்கு எந்தத் திறன் தேவை என்று ஆராய்ந்து வகுக்கப்பட்டதன்று. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தது. புகை சூழ்ந்த கட்டடத்தின் முன் நின்று வீரர்களை வழிநடத்தும் ஆற்றலை வினாத்தாள் எந்த அளவுக்கு அளக்கும் என்பதை, தேர்வை நடத்துவதற்கு முன்பே நகர நிர்வாகம் கேட்டிருக்க வேண்டும்.